முதலும் வழியும்: ஓர் ஆங்கிலப் பாட்டை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

உலகத்தில் எந்த நூலும் எந்தப் பாட்டும் தன்னந்தனியே பிறப்பதில்லை. முன்னோர் மொழிந்தவற்றைக் கேட்டே பின்னோர் வாய் திறக்கின்றனர். ஒருவர் ஏற்றிய விளக்கிலே மற்றொருவர் தம் விளக்கைக் கொளுத்திக்கொள்வதனால் முன்னைய விளக்கு ஒளி குன்றுவதுமில்லை. ஆயின், எந்த விளக்கிலிருந்து கொளுத்தினோம் என்று சொல்லுதல் கடனா, அன்றா? சொல்லாது விட்டால் இழப்பு யாருக்கு? இவ்வினாக்களை ஆராய்வதற்கு யாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் பொருள் பழந்தமிழ் இலக்கியமன்று; 1980ஆம் ஆண்டிலே இங்கிலாந்து நாட்டுக் குழுவொன்று வெளியிட்ட ஓர் இசைத்தட்டு.

தமிழாசிரியருக்கும் மேலைநாட்டுத் துள்ளிசைக்கும் என்ன தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் முறுவலிக்கக்கூடும். அவர்களுள்ளும், இளமையில் இப்பாட்டை வானொலியிற் கேட்டு மேசையிலே தாளம் போட்டவர் இலர் என்று யாம் எண்ணவில்லை. நல்லது எங்கிருந்தாலும் அதனை எடுத்து ஆராய்தல் கற்றோர்க்கு இழுக்காகாது. அன்றியும், இப்பாட்டைப் பற்றி எழுந்த வழக்கொன்று, நம் இலக்கண நூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எண்ணி வகுத்த ஒரு செய்தியோடு நேரே தொடர்புடையது. அதுவே எம்மை எழுதத் தூண்டியது.

பாட்டின் பெயர் ‘அனதர் வன் பைற்ஸ் த டஸ்ற்’ என்பது. ‘இன்னுமொருவன் மண்ணைக் கவ்வினான்’ என்று அதனைத் தமிழாக்கலாம். தோற்றவன், வீழ்ந்தவன் மண்ணைக் கவ்வினான் என்பது நம் வழக்கு. அதே கருத்துடைய வழக்கு ஆங்கிலத்திலும் இருப்பதும், கிரேக்கப் பெருங்காப்பியமாகிய இலியாதிலும் வீழ்ந்த வீரர் மண்ணைப் பல்லாற் பற்றியதாகப் பாடப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கன. போர்க்களத்திலே முகங்குப்புற வீழ்ந்தவனைக் கண்ட எந்த நாட்டாரும் இச்சொல்லைத் தாமாகவே கண்டுபிடித்திருத்தல் கூடும். ஒற்றுமையெல்லாம் கடனாகாது என்பதற்கு இதுவே சான்று. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பாடியவர்கள் ‘குயின்’ என்னும் குழுவினர். 1970இல் இலண்டனிலே தோன்றிய அக்குழுவிற் பெரும்புகழ் பெற்றவர் பிறெடி மேர்க்குரி. அவர் 1946இல் சன்சிபார்த் தீவிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பறூக் பல்சாரா என்பது இயற்பெயர். இந்தியாவிலே பஞ்சகனி என்னும் மலையூரின் விடுதிப் பள்ளியொன்றிற் கல்வி பயின்று, அங்கேயே பள்ளித் தோழரோடு இசைக்குழு அமைத்தவர். கிற்றார் வாசித்த பிறயன் மே வானியல் மாணவர். இடையிலே விட்ட ஆராய்ச்சியை முடித்து 2007இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் கதிரவனைச் சூழ்ந்து பரந்துகிடக்கும் தூசி. மண்ணைக் கவ்விய பாட்டுக்கு வாசித்தவர் விண்ணின் தூசியை ஆராய்ந்தது சுவையான பொருத்தமே. மேளம் வாசித்த றொஜர் ரெயிலர் பல் மருத்துவம் பயிலத் தொடங்கி, பின் உயிரியலிற் பட்டம் பெற்றவர். நால்வரும் கல்வியைக் கைவிட்டுப் பாட்டின் பின்னே அலைந்தவர் அல்லர் என்பதை மாணவர் கவனிப்பாராக.

இப்பாட்டை இயற்றியவர் நால்வருள் இளையவரும் பேச்சிற் குறைந்தவருமாகிய ஜோன் டீக்கன். 1951இலே இலெஸ்ரர் நகரிற் பிறந்தவர். இலண்டனிலே மின்னணுவியல் பயின்று முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர். 1971இற் குழுவிற் சேர்ந்தார். பேஸ் கிற்றார் எனப்படும் தாழ்சுருதிக் கிற்றாரே அவர் கருவி. மேடையிலே பின்னால் நிற்பவர். செய்தியாளர் கூட்டத்திலே பிறர் பேச வாளாவிருப்பவர். 1991இல் மேர்க்குரி இறந்தபின் சில ஆண்டுகளில் அவர் பொதுவாழ்வினின்றும் முற்றாக ஒதுங்கிவிட்டார். உரத்த குரலினர் மூவர் நடுவே இருந்த இவ்வமைதியாளரின் பாட்டே, அமெரிக்காவில் அக்குழு பெற்ற வெற்றிகளுள் மிகப் பெரியதாயிற்று. வகுப்பிலே கடைசி வாங்கிலிருந்து கை உயர்த்தாத மாணவனை ஆசிரியர் மறந்துவிடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, பாட்டின் இயல்பைச் சிறிது கூறுதும். இதனை ‘ஃபங்க்’ என்னும் இசைமுறையின் வழிப்பட்டது என்பர். அம்முறை 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்றது. அதற்கு உருக்கொடுத்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் பிறவுண். பண்ணின் வளைவுநெளிவுகளைக் காட்டிலும் தாளத்துக்கு முதலிடம் தருதல், தாள வட்டத்தின் முதலாம் அடியை அழுத்தி நிறுத்துதல், கிற்றாரும் ஊதுகருவியும் கூட மேளம் போலவே தட்டி ஒலித்தல் என்பன அதன் இலக்கணம். நம் தாள முறையிலே சமம் என்று போற்றும் அந்த முதல் இடத்திலே எல்லாக் கருவிகளும் வந்து கூடி, மற்ற இடங்களிலே ஒன்றுக்கொன்று விலகி விளையாடும். ஒலிக்கு எத்துணை மதிப்போ ஒலியில்லாத இடைவெளிக்கும் அத்துணை மதிப்பு. எங்கே வாசியாது நிற்பது என்று அறிந்தவனே அம்முறையில் வல்லவன்.

டீக்கனின் பாட்டிலே இவ்விலக்கணம் தெளிவாகக் காணப்படும். தாழ்ந்த சுரமொன்று சம இடைவெளியில் மூன்று முறை அடிக்கப்படுகிறது. நாலாம் இடத்திலே மௌனம். பின்னர் அதற்கு விடை கூறுவது போன்ற சிறு தொடர். பாட்டு முழுவதும் இச்சிறு அமைப்பின் மேலேயே நிற்கின்றது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடி என்னும் நடை. மொத்தம் மூன்றரை நிமிட அளவு. குயின் குழுவோ, 1975இல் வெளியிட்ட ‘பொஹீமியன் றப்சடி’ என்னும் பாட்டிலே குரலின் மேற் குரலாக அடுக்கிக் கோபுரம் எழுப்பிய குழு. அத்தகையோர் இங்கே அக்கோபுரத்தை விட்டு வெறுந் திண்ணையில் வந்து அமர்ந்தனர் எனலாம்.

1980இன் முற்பகுதியிலே ஜேர்மனியின் மியூனிக் நகரத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் இது பதிவு செய்யப்பட்டது. பேஸ் கிற்றார் மட்டுமன்றி ஏனைய கருவிகளிற் பலவற்றையும் டீக்கனே வாசித்தார். மேளம் அதிராது உலர்ந்து ஒலிக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக ரெயிலர் தம் மேளத்தினுள்ளே போர்வைகளைத் திணித்து வாசித்தார். அவ்வொலியில் ஒரு துண்டு நாடாவிற் சுற்றவிடப்பட்டு மீளமீள ஒலித்தது. முழக்கத்தையே பெருமையாகக் கொண்ட மேளக்காரருக்கு இது உவப்பான காரியமன்று. இப்பாட்டு வெற்றி பெறும் என்றும் அவர் நம்பவில்லை. இருந்தும் செய்தார். பாட்டினிடையே வரும் விந்தை ஒலிகளும் மின்னிசைப் பலகையிற் பிறந்தவை அல்ல. பியானோ, மேளம், கிற்றார் முதலியவற்றின் ஒலிகளைப் பதிந்து, நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டும் விரைவை மாற்றியும் பெற்றவை. மேர்க்குரி, தம் இயல்பான மெல்லிய அலங்காரங்களை விடுத்து, அரற்றும் குரலிற் பாடினார்.

பாட்டின் பொருள் உயர்ந்தது என்று யாம் வாதிக்க வரவில்லை. துப்பாக்கி வெடிக்கும் தெருவிலே ஒருவன் நடந்து செல்லும் காட்சியும், கைவிடப்பட்டவன் ஒருவனின் வீறாப்புமே அதன் பொருள். சொல்லை நோக்கி மதிப்பிடின் அது சாதாரணமானது. ஆயின் தாளத்தை நோக்கி மதிப்பிடின் சிக்கனத்தின் சிறப்புக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் கட்டுரைகளிலே அடைமொழிகள் மலிந்து பொருள் மெலிந்து கிடப்பதை நாள்தோறும் காணும் எமக்கு, வேண்டாததையெல்லாம் நீக்கிவிட்டு வேண்டியதை மூன்று அடியிற் சொல்லும் இவ்வமைப்பு ஒரு பாடமாகவே தோன்றுகின்றது.

அப்பாட்டு முதலில் ‘த கேம்’ என்னும் தொகுப்பின் ஒரு பகுதியாகவே 1980 யூன் மாத இறுதியில் வெளிவந்தது. தனியிசைத்தட்டாக வெளியிடும் எண்ணம் குழுவினருக்கு உறுதியாக இருக்கவில்லை. அமெரிக்காவில் அவர்கள் இசைநிகழ்ச்சி ஒன்றைக் கண்டு மேடைக்குப் பின்னே வந்த மைக்கல் ஜக்சன், இதனைத் தனியே வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினார் என்று குழுவினரே பின்னர்க் கூறியுள்ளனர். ஓகஸ்ட் மாதத்திலே தனியிசைத்தட்டு வெளிவந்தது. ஒக்ரோபரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் எய்தி மூன்று வாரம் அங்கே நின்றது. பிரித்தானியாவிலே ஏழாம் இடம். இவற்றினும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. கறுப்பின மக்கள் விரும்பிக் கேட்கும் இசைக்கென அமெரிக்காவில் அமைந்த தனிப்பட்டியலிலும் இது இரண்டாம் இடத்தைப் பெற்றது. அம்மக்களின் வானொலி நிலையங்கள் இதனை ஒலிபரப்பின. பாடியவர்கள் கறுப்பினத்தவர் அல்லர் என்பதை அறியாமலே பலர் கேட்டு மகிழ்ந்தனர்.

இனி வழக்குக்கு வருவோம். இப்பாட்டு வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1979இன் நடுப்பகுதியிலே, நியூயோர்க் நகரத்து ‘ஷிக்’ என்னும் குழு ‘குட் ரைம்ஸ்’ என்ற பாட்டை வெளியிட்டது. இயற்றியவர்கள் பேர்னாட் எட்வேட்ஸ், நைல் றொஜர்ஸ் என்னும் இருவர், இருவரும் கறுப்பினத்தவர். எட்வேட்ஸ் அப்பாட்டில் வாசித்த பேஸ் கிற்றார் அமைப்பு இன்றளவும் பயில்வோர்க்குப் பாடமாக விளங்குவது. தாழ்ந்த சுரமொன்றை மூன்று முறை சம இடைவெளியில் அடித்துத் தொடங்கும் அவ்வமைப்பையும் டீக்கனின் அமைப்பையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒன்று மற்றொன்றை அறிந்தே பிறந்தது என்பதை ஐயமின்றி உணர்வர். மண்ணைக் கவ்வுதல் என்னும் வழக்கு பல நாட்டிலும் தானே தோன்றியது போன்ற தற்செயலன்று இது. டீக்கன் ஷிக் குழுவினரோடு அவர்களுடைய ஒலிப்பதிவுக்கூடத்திலே காலங் கழித்தவர் என்று எட்வேட்ஸே கூறியிருக்கின்றார்.

எட்வேட்ஸ் இதனைக் கூறியபோது டீக்கன் மீது குறை கூறவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. டீக்கன் செய்தது தமக்கு உடன்பாடே என்றார். அவரை வருத்தியது வேறு. பத்திரிகை எழுத்தாளர் சிலர் வரிசையை மாற்றி, ஷிக் குழுவே குயின் குழுவைப் பார்த்துச் செய்தது என்று எழுதினார்கள். ஓராண்டு முந்தி வெளிவந்த பாட்டு, ஓராண்டு பிந்தி வந்த பாட்டின் போலியாகக் கூறப்பட்டது. கறுப்பின இசைஞர் புதுமை ஒன்றைச் செய்தல் கூடும் என்பதை அவ்வெழுத்தாளரால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை என்பதே எட்வேட்ஸின் குறை. தந்தை மகனுக்குப் பிறந்தவனாகக் கூறப்பட்டான் என்றால் நாம் சிரிப்போம். ஆயின் அவ்வாறு கூறப்பட்ட தந்தைக்கு அது சிரிப்பாகுமா?

அக்காலச் சூழலையும் நோக்குதல் வேண்டும். 1979 யூலை 12ஆம் நாள், சிக்காகோ நகரத்து விளையாட்டரங்கு ஒன்றிலே, ‘டிஸ்கோ’ எனப்படும் ஆடலிசைத் தட்டுகள் பெட்டியிற் குவிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் ஆரவாரத்தினிடையே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவ்விசையை வளர்த்தவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மறுமாதமே ‘குட் ரைம்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றதாயினும், அதன்பின் ஷிக் குழுவின் பாட்டெதுவும் அப்பட்டியலின் முதல் நாற்பது இடங்களுள் வரவில்லை. அடுத்த ஆண்டு, அதே தாளத்தின் வழிவந்த பாட்டு, ஆங்கிலக் குழுவொன்றின் பெயரால் முதலிடத்துக்கு ஏறியது. அது ஏறுவதற்காக அவ்விடத்தினின்று இறங்கிய பாட்டோ டயானா றொஸ் பாடிய ‘அப்சைட் டவுன்’. அதனை இயற்றியவர்களும் அதே எட்வேட்ஸும் றொஜர்ஸுமே. இவ்விருவரின் மாணாக்கப் பாட்டு, இவ்விருவரின் சொந்தப் பாட்டை இறக்கிவிட்டு ஏறியது என்பதை அன்று கேட்டோருள் எத்துணைப் பேர் அறிந்தனர்?

நிற்க. நம் நன்னூலார் இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கு வழி வகுத்துள்ளார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு அந்நூலைக் கற்ற நம்மவர்க்கு இது புதிதன்று. நூல்கள் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும். முதனூலின் கருத்தோடு முழுவதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டு வருவது வழிநூல். முன்னைய நூல்களோடு ஒரு சிறிதே ஒத்து, பெரிதும் வேறுபட்டு நடப்பது சார்புநூல். மூன்றும் நூலே, ஒன்றையும் ஆசிரியர் இழித்துக் கூறவில்லை. வழிநூல் செய்தவனைத் திருடன் என்று கூறும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை.

இந்த அளவுகோலால் அளந்தால், டீக்கனின் பாட்டு வழிநூலன்று, சார்புநூலே என்பது எம் துணிபு. தாளத்தின் தொடக்கத்தில் மட்டும் அது ‘குட் ரைம்ஸ்’ பாட்டோடு ஒக்கின்றது. அப்பாட்டோ பெண்குரல்களும் நரம்பிசையும் நிறைந்த விழாக்கால மாளிகை; இதுவோ ஆளரவமற்ற இருண்ட தெரு. அங்கே மூன்றடியின் பின் சுரங்கள் படியேறிச் செல்கின்றன. இங்கே மௌனம் நிற்கின்றது. பாடுபொருளும் வேறு, மெய்ப்பாடும் வேறு. ஒருசிறை ஒத்து ஏனைய வேறுபட்டமையின் இது சார்பு. இதற்கு மாறாக, 1979இலே ‘சுகர்ஹில் காங்’ என்னும் குழு வெளியிட்ட ‘றப்பர்ஸ் டிலைற்’ பாட்டு, ‘குட் ரைம்ஸ்’ தாளத்தை முழுமையாக எடுத்து அதன்மேல் தன் சொற்களை ஏற்றியது. அது வழிநூல். அதன் தட்டிலே முதலில் எட்வேட்ஸ், றொஜர்ஸ் ஆகியோர் பெயர் காணப்படவில்லை. அவர்கள் வழக்கிடுவோம் என்று எழுந்தபின்னரே இயற்றியோர் வரிசையிற் சேர்க்கப்பட்டது.

நன்னூலார் இவ்வளவில் நிற்கவில்லை. நூலின் முகப்பாகிய சிறப்புப் பாயிரத்திலே கூறவேண்டியன எட்டு என்று அவர் வரையறுக்கின்றார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இரண்டாவதாக நிற்கும் ‘வழி’ என்பதைக் கவனியுங்கள். இந்நூல் எதன் வழி வந்தது என்று நூலின் வாயிலிலேயே சொல்லிவிடவேண்டும். ஆக்கியோன் பெயருக்கு அடுத்த இடம் அதற்குத் தரப்பட்டது தற்செயலன்று. இனி, இசைத்தட்டு ஒன்றின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டத்தாளை நோக்குங்கள். ஆக்கியோன் பெயர் உண்டு. பாட்டின் பெயர் உண்டு. பாடும் காலம் உண்டு. வெளியிட்டோர் பெயர் உண்டு. வழி மட்டும் இல்லை. அவ்வொரு குறை இருந்தமையாலன்றோ முதலைச் சார்பென்றும் சார்பை முதலென்றும் பிறழக் கூறுவதற்கு எழுத்தாளருக்கு இடம் கிடைத்தது?

நம் பெரும்புலவர்கள் இவ்விதியை எவ்வாறு போற்றினர் என்பதையும் காண்க. இராமன் கதையைப் பாடப் புகுந்த கம்பர், வடமொழியில் அக்கதை செய்தார் மூவருள் முந்தியவரைத் தாம் பின்பற்றியதாகத் தம் நூலின் தொடக்கத்திலேயே கூறினார். சேக்கிழார் பெருமானும் சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகையையும், நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியையும் தம் புராணத்துக்கு ஆதாரமாக எடுத்துரைத்தார். தொகை முதனூல், அந்தாதி வழிநூல், புராணம் சார்புநூல் என்று அறிஞர் இன்றும் கூறுவர். வழி கூறியதனாற் கம்பர் புகழ் குறைந்ததா? சார்பு என்றமையாற் சேக்கிழார் சிறியவரானாரா? பெரியவரே கடன் கூற அஞ்சுவதில்லை.

இதற்கு மறுப்பாக இரண்டு கூறப்படலாம். மூன்று அடி தாளத்துக்கு யார் உரிமை கொண்டாட முடியும், அது காற்றும் நீரும் போலப் பொதுவன்றோ என்பது ஒன்று. உண்மையே, தாளத்துக்கு வேலியிட யாம் கருதவில்லை. வேலி வேறு, வழி வேறு. உரிமைப்பணம் கொடுத்தல் சட்டத்தார் ஆராயவேண்டியது. பெயர் சொல்லுதல் பண்பாளர் தாமே செய்வது. ஆற்று நீர் பொதுவே. ஆயினும் ஆற்றின் பெயரை மாற்றிக் கூறுவோமாயின் நீர் குடித்தவன் நன்றி கெட்டவனாவான். மற்றது, கேட்டு மகிழ்வோர்க்கு வரலாறு எதற்கு என்பது. மகிழ்ச்சிக்கு வரலாறு வேண்டா, நீதிக்கு வேண்டும். வழி மறைந்த இடத்தில் வலியவனே முதலாகிவிடுகின்றான். பத்திரிகை யார் கையில் உள்ளதோ அவன் இனத்தவன் முதற்புலவனாகின்றான். இது பாட்டுக்கு மட்டும் நேர்வதன்று.

இப்பாட்டைப் பற்றி 1980களின் தொடக்கத்திலே வேறொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. இதனைத் தலைகீழாக ஓடவிட்டுக் கேட்டால் போதைப்பொருளைப் புகழும் சொற்கள் கேட்கின்றன என்று அமெரிக்காவிலே சிலர் குற்றஞ்சாட்டினர். முன்னோக்கிக் கேட்பவருக்கு வெளிப்படையாகத் தெரியும் எட்வேட்ஸின் தாளத்தைக் கேளாத செவிகள், பின்னோக்கி ஓடவிட்டு இல்லாத சொற்களைத் தேடின. இதற்கிடையே தக்க செயலைச் செய்தவர் தெருவோர இசைக்கலைஞர் ஒருவரே. கிறாண்ட்மாஸ்டர் பிளாஷ் என்பவர் 1981இல் வெளியிட்ட தட்டொன்றிலே, சுழல்தட்டுகளைக் கையால் இயக்கி, ‘குட் ரைம்ஸ்’ பாட்டையும் ‘அனதர் வன் பைற்ஸ் த டஸ்ற்’ பாட்டையும் ஒரே ஓட்டத்தில் இணைத்துக் காட்டினார். வாயாற் கூறாமலே அவர் வழி கூறிவிட்டார். மூலத்தையும் சார்பையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டும் நல்லுரையாசிரியரின் பணி அது.

இத்துணையும் எதற்காக எழுதினோம்? நம் வகுப்பறைகளில் இன்று நிகழ்வதைக் கருதியே எழுதினோம். கைப்பேசியைத் தட்டினால் கட்டுரை வருகின்றது. செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் கேட்ட தலைப்பிலே கேட்ட அளவிலே எழுதித் தருகின்றது. மாணவன் அதனைப் பெயர்த்தெழுதித் தன் பெயரிட்டுத் தருகின்றான். பேச்சுப்போட்டியிலே பிறர் பேச்சை ஒப்புவித்துப் பரிசு பெறுகின்றான். இதனைக் கண்டு வருந்தும் ஆசிரியர் பலர். ஆயின் அவனை அவ்வாறு ஆக்கியதில் நம் முறைக்கும் பங்குண்டு. “முழுவதும் உன் சொந்தக் கருத்தாக இருக்கவேண்டும்” என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு விதிக்கின்றோம். எந்த நூலிற் படித்தேன் என்று உண்மையைக் கூறும் மாணவனுக்கு, சொந்தமாக எழுதவில்லை என்று புள்ளியைக் குறைக்கின்ற ஆசிரியரும் உளர். கூறாது மறைத்தவனுக்கோ முழுப்புள்ளி. கடனைச் சொன்னவன் தண்டிக்கப்படுகின்றான், மறைத்தவன் போற்றப்படுகின்றான். இம்முறையிற் பயின்றவர் நாளை பத்திரிகைகளில் எழுதுவர், பல்கலைக்கழகங்களில் ஆராய்வர். அப்பொழுது முதலைச் சார்பாக்கிக் கூறுவதற்கு அவர்கள் கூசுவார்களா?

எனவே யாம் கூறுவது இது. பிறர் நூலைப் படியாதே, பிறர் கருத்தை எடுக்காதே என்று மாணவரைத் தடுத்தல் பயனற்றது, நன்மையுமன்று. எடுக்காத எழுத்தாளன் இதுவரை பிறக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு கட்டுரையின் முகப்பிலும் ஆக்கியோன் பெயருக்குக் கீழே ‘வழி’ என்று ஒரு வரி எழுதுமாறு பயிற்றுவோம். இன்ன நூலிற் படித்தேன், இன்ன ஆசிரியர் கூறக் கேட்டேன், இக்கருவியைக் கேட்டு அறிந்தேன், இவ்விடத்தில் வேறுபட்டேன் என்று அவன் எழுதட்டும். உண்மையான வழி கூறியவனுக்குப் புள்ளி கொடுப்போம். வேறுபட்ட இடத்துக்கு மேலும் புள்ளி கொடுப்போம். எங்கே ஒத்தேன் என்று எழுதப் பழகியவனுக்கே எங்கே வேறுபட்டேன் என்பது தெரியவரும். டீக்கனின் பாட்டிலும் சிறந்தது எடுத்துக்கொண்ட மூன்றடியன்று. அதன்பின் அவர் வைத்த மௌனமே அவருடையது. அதனை அறிவதற்கும் முன்னையதை அறிந்திருத்தல் வேண்டும்.

பாயிரத்தின் எட்டாவது பொருளாகிய பயனையும் கூறி முடித்தல் முறை. இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. இப்பாட்டின் நடை அந்த அளவினுள்ளே அமைகின்றது. ஆதலின் முதலுதவி பயில்வோர், இத்தாளத்தை மனத்திற் கொண்டு அழுத்தலாம் என்று சொல்வதுண்டு; பாட்டின் பெயர் மட்டும் நோயாளியின் செவிக்கு ஏற்றதன்று. நியூயோர்க்கிலே எட்வேட்ஸ் என்னும் கறுப்பின இசைஞர் தட்டிய தாளம், இலெஸ்ரரிற் பிறந்த அமைதியாளர் ஒருவர் கைக்கு மாறி, எங்கோ ஒரு மருத்துவ வகுப்பிலே உயிர் காக்கும் பயிற்சிக்கு உதவுகின்றது. எட்வேட்ஸ் 1996இலே காலமானார். அவர் கொடுத்தது இன்றும் நடமாடுகின்றது. கொடுத்தவர் பெயரை உடன் எடுத்துச் செல்லுதல் பெற்றவர்களின் கடன். மாணவ மணிகள் இக்கடனை இப்பொழுதே தீர்க்கப் பழகுவார்களாக.